வீடு, வேலை, வார்டு: நெருக்கடியில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி

வேதத்தில் தானியேலுக்கு வந்த சிங்கக் கெபியும் அவன் தோழர்கள் மூவருக்கு வந்த அக்கினிச் சூளையும் நமக்குப் பெரும்பாலும் வருவதில்லை. நமக்கு வருவது மாமியார், லைன் சூப்பர்வைசர், திருவிழா நன்கொடை நோட்டு, தாலுகா ஆபீஸ் விண்ணப்பம், டாக்டர் கையில் இருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட். ஞாயிற்றுக்கிழமை தானியேலைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. குடியாத்தம் பக்கத்துக் கிராமம். பீடி சுற்றிப் பிழைத்த வீடு. கல்யாணத்துக்கு அப்புறம்தான் விசுவாசத்துக்கு வந்தேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை, இப்போது ஓய்வு. சபையில் பெண்கள் ஐக்கியத்தைப் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஞாயிறு காலை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர் டீக்கடையில் தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார். பிரசங்கம் நீண்டால் எனக்கு முன்னால் அவருக்குத்தான் கோபம் வரும்.

முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

பிரச்சனை வந்த நாளில் முடிவெடுக்க உட்கார்ந்தால் அழுகைதான் வரும். ஒன்றும் நடக்காத சாதாரண நாளில், ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம், உயிரே போனாலும் செய்யமாட்டேன் என்பவை. வலது பக்கம், விட்டுக்கொடுக்கலாம் என்பவை. இடது பக்கம் நான்கைந்து வரிக்கு மேல் போகக்கூடாது. என் நோட்டில் நான்குதான் இருக்கின்றன: வேறு தெய்வத்தைக் கும்பிடமாட்டேன், இயேசுவைத் தெரியாது என்று சொல்லமாட்டேன், சபை கூடிவருதலை நிறுத்தமாட்டேன், தப்பிக்கப் பொய் சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் வலது பக்கம். உடுத்துவது, பூ வைப்பது, எந்த நேர ஆராதனைக்குப் போவது, சொந்தக்காரர் கல்யாணத்தில் எந்த வரிசையில் உட்காருவது, யார் முதலில் மன்னிப்புக் கேட்பது, எல்லாம்.

இது கோழைத்தனம் என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினான். தானியேல் முதலாம் அதிகாரத்தை எடுத்துப் படி என்றேன். பாபிலோனில் அவனுக்கு பெல்தெஷாத்சார் என்று பெயர் மாற்றினார்கள், ஏற்றுக்கொண்டான். அந்த ஊர் எழுத்தையும் பாஷையையும் படித்தான். ராஜா வேலைக்கும் போனான். ராஜாவின் போஜனத்தில் மட்டும் நின்றான். அதிலும் தட்டைத் தூக்கி எறியவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மேற்பார்வைக்காரனிடம் பணிவாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டுகிறவர்கள் இரண்டே வருடத்தில் களைத்துப்போய் மொத்தமாக விட்டுவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள்

முக்கால்வாசி நெருக்கடி நம்மை நேசிக்கிறவர்களிடமிருந்துதான் வருகிறது. அதனால்தான் அது கஷ்டம். எதிரி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அம்மாவிடம் முடியுமா?

புதிதாக வந்த பெண்களிடம் நான் முதலில் சொல்வது, பொட்டில் சண்டையை ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான். பெந்தெகொஸ்தே சபைகளில் நகையைக் கழற்றச் சொல்வார்கள், எங்கள் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) தாலி உண்டு, பூவும் வைக்கிறோம். எது சரி என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே பொட்டை அழித்துவிட்டு வந்து நின்றால், உங்கள் மாமியாருக்குத் தெரிவது இயேசு அல்ல, தன் மகன் உயிரோடு இருக்கும்போதே மருமகள் நெற்றி வெறுமையாக இருக்கிறது என்பதுதான். அந்தப் பயத்துக்கு முதலில் மரியாதை கொடுங்கள். புருஷனிடம் பேசி, மாமியாரிடம் பேசி, ஆறு மாதம் ஆனாலும் சரி, அவர்களுக்குப் புரிந்த பிறகு மாற்றுங்கள்.

பூஜை அறை விஷயத்தில் எனக்குக் கைகொடுத்த வார்த்தை இது: "அத்தை, வீடு கழுவுறது, கோலம், சமையல் எல்லாம் நான் பார்த்துக்கிறேன். கற்பூரம் மட்டும் நீங்களே காட்டிடுங்க." இதைச் சண்டைக்குரலில் சொன்னால் வேலைக்காகாது. முதல் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட வேண்டும், பத்தாவது வெள்ளிக்கிழமை வெடிக்கக்கூடாது. பண்டிகை நாளில் கோலம் போடுவதும் தப்பு என்கிற சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் மனசாட்சி அவர்களுக்கு. நான் சீரியா ராஜாவின் படைத்தலைவன் நாகமானை நினைத்துக்கொள்வேன். குஷ்டம் நீங்கின பிறகு அவன் தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒன்று கேட்டான்: என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலுக்குள் போகும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று. எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்று மட்டும் சொன்னான் (2 இராஜாக்கள் 5). எலிசா அவ்வளவு சொன்னதற்கு மேலே நான் யார் சொல்ல?

சாப்பாட்டுக்கு 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம். விருந்தில் வைத்ததையும் சாப்பிடலாம். இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவர் மனசாட்சிக்காகச் சாப்பிடவேண்டாம். பவுல் அவ்வளவுதான் சொல்கிறார். "படைச்சது வேணாம் அக்கா, படைக்காதது இருந்தா குடுங்க, பாத்திரம் கழுவித் தரேன்" என்று நான் ஆடி மாதக் கூழுக்கு ஒருமுறை சொன்னேன். எதிர் வீட்டு அக்கா அப்போது முகத்தைச் சுளித்தார். இப்போது கூழானாலும் கொழுக்கட்டையானாலும் படைக்கும் முன்பே எனக்கு ஒரு டிபன் பாக்ஸில் எடுத்து வைத்துவிடுகிறார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு முறுக்கு முதலில் போவதும் அவர் வீட்டுக்குத்தான்.

விசுவாசியல்லாத கணவரோடு வாழ்கிறவர்கள் 1 பேதுரு 3-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கலாம். "போதனையின்றி" என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. சாப்பாடு போடும்போது வசனம் சொல்லாதீர்கள். அவருடைய செருப்புக்குள் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் உரக்கச் சொல்கிறேன். அடி வாங்குவது சிலுவை சுமப்பதல்ல. குடித்துவிட்டோ குடிக்காமலோ கணவர் கைநீட்டினால், ஜெபம் பண்ணு எல்லாம் சரியாகும் என்று யார் சொன்னாலும், போதகரே சொன்னாலும், முதலில் பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 10:23). ஓடுவது அவிசுவாசம் இல்லை.

சாவு வீடு

எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடினமான நாள் கிடையாது. அப்பா இறந்துவிட்டார், மூத்த மகன் கிறிஸ்தவன், கொள்ளி யார் வைப்பது? பங்காளிகள் ஒரு பக்கம், தாய்மாமன் ஒரு பக்கம், பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது வாக்குவாதம். பெற்ற அப்பனுக்குக் கொள்ளி வைக்காதவன் என்ற பேச்சு ஊரில் வருடக்கணக்கில் நிற்கும்.

எங்கள் சபையில் ஒரு தம்பி இதைச் செய்த விதத்தை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. அவன் நைனா நல்ல நினைவோடு இருந்த காலத்திலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்: "நைனா, நாளைக்கு ஒண்ணுன்னா கொள்ளியை சின்னவன் வைக்கட்டுமா? மத்தது எல்லாம் நான் பார்த்துக்கிறேன்." பெரியவருக்கு முதலில் கோபம். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே தன் தம்பிகளைக் கூப்பிட்டு, சின்னவன் வைக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இறந்துபோகிறவர் வாயாலேயே வந்த முடிவை அப்புறம் யார் மாற்றுவது?

அந்த நாள் வந்தபோது ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல், மேளம், வந்தவர்களுக்குக் காபி, ராத்திரி சாப்பாடு எல்லாச் செலவும் அவனுடையது. தூரத்து அத்தைமாரை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தான். பாடைக்குத் தோள் கொடுத்தான். சுடுகாடு வரை நடந்தான். கொள்ளிச்சட்டியை மட்டும் தம்பி எடுத்தான். பதினாறாம் நாள் காரியத்திலும் சமையல்கட்டில் நின்று பரிமாறினான். செலவிலோ உழைப்பிலோ ஒரு பைசா குறைந்திருந்தால், பயந்து ஒதுங்கினான், கஞ்சன், மதத்தைச் சாக்கு சொல்கிறான் என்று பேசியிருப்பார்கள். அதற்கு அவன் இடமே வைக்கவில்லை.

உடன்பிறந்த தம்பி இல்லாதவர்கள் பங்காளி மகன் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாம். சபை ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த வீட்டுக்கு ஆறுதலுக்குப் போங்கள், நாற்காலி எடுத்துப் போடுங்கள், தண்ணீர் கொடுங்கள். கிட்டாரோடு போய்ப் பாட்டு எடுக்காதீர்கள். அது அவனுடைய நைனாவின் சாவு, நம்முடைய கூட்டம் இல்லை.

வேலை செய்யும் இடம்

ஆயுத பூஜைக்கு முன்னாளே மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிடுங்கள். "அண்ணே, மெஷின் சுத்தமா இருக்கு. பொட்டு வைக்கிறது மட்டும் வேற யாராவது வச்சுக்கட்டும்" என்று சூப்பர்வைசரிடம் தனியாகச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சரி என்பார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னால் மறுப்பதைத் தவிர அவருக்கும் வேறு வழியிருக்காது.

ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறு ஓ.டி. வரும். எனக்கு ஞாயிறு முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், சனிக்கிழமை எத்தனை மணி வரை இருப்பேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தீபாவளிக்கு மற்றவர்கள் லீவு கேட்கும்போது நீங்கள் முன்வந்து நில்லுங்கள். அப்படியும் முடியாத ஞாயிறு வரும், குடும்பத்தில் ஒரே சம்பளம் உங்களுடையதாக இருக்கும். போங்கள், வேலை செய்யுங்கள். அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

வேலை நேரத்தில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்து, ஜோடி எண்ணிக்கை குறைந்து, திட்டு வாங்கினால் அது உபத்திரவம் இல்லை. அந்நிய காரியங்களில் தலையிட்டுப் பாடுபடக்கூடாது என்று பேதுரு கொலைபாதகனுக்கும் திருடனுக்கும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார் (1 பேதுரு 4:15). யாராவது வாய்விட்டுக் கேட்டால், டீ இடைவேளையில் சாந்தமாகப் பதில் சொல்லுங்கள். பெரிய வேதசாஸ்திரம் வேண்டாம். யோவான் 9-ல் பிறவிக்குருடன் பரிசேயரிடம் சொன்ன பதில் போதும்: நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்.

தெருவும் சட்டமும்

குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முன்பே தெருப் பையன்கள் நோட்டோடு வருவார்கள். கதவைச் சாத்திக்கொள்வதைவிட மோசமான பதில் கிடையாது. நான் நீர்மோர்ப் பந்தலுக்கு என்று சொல்லிக் கொடுப்பேன். வெயிலில் வருகிறவன் தாகத்துக்கு மதம் ஏது? பூஜைச் செலவுக்கு என் வீட்டுக்காரர் தன் பங்கைக் கொடுத்துவிடுவார், அது அவர் விருப்பம்.

அடுத்தவருடைய விபூதியையும் குங்குமத்தையும் சாமியையும் கிண்டல் செய்யாதீர்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு ஒரு காரணம், நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை போடு என்று வந்த உத்தரவு. நம்மைக் கிறிஸ்தவர்களாக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம் பரவியது. கோட்டைக்குள் இன்று ஒரு பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில், ஒரு பக்கம் செயின்ட் ஜான்ஸ் ஆலயம், ஒரு பக்கம் மசூதி. பக்கத்து வீட்டுக்காரர் நம்மைச் சந்தேகமாகப் பார்த்தால், அந்தச் சந்தேகத்துக்கு நம்மைவிட வயது அதிகம் என்று புரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும்.

வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்கள் ஸ்பீக்கரை எடுத்து உள்ளே வையுங்கள். பத்துப் பேருக்கு மைக் எதற்கு? ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. வண்டிகளைப் பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். பாதித் தகராறு வண்டியில்தான் தொடங்குகிறது.

இவ்வளவு பார்த்தும் யாராவது கும்பலாக வந்து மிரட்டினால், வாக்குவாதம் வேண்டாம். பிள்ளைகளையும் வயசானவர்களையும் உள்ளே அனுப்பிவிட்டு 112-க்கு போன் செய்யுங்கள். மறுநாள் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். விரும்பிய மதத்தைக் கடைப்பிடிக்கவும் எடுத்துச்சொல்லவும் அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு உரிமை தருகிறது, பொது அமைதிக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச உதவி உண்டு. போன் எண் 15100. விசுவாசி போலீஸுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: பவுல் தன்னைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, நான் ரோமன் என்று சொன்னார். இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். ரோமச் சட்டம் அவருக்குத் தெரிந்திருந்தது, பயன்படுத்தினார்.

வாட்ஸ்அப்பில் வரும் "நம் ஜனங்களை எரிக்கிறார்கள், உடனே பத்துப் பேருக்கு அனுப்பு" வகைச் செய்திகளை அனுப்பாதீர்கள். எந்த ஊர், எந்த தேதி என்று கேட்டுப் பாருங்கள், பாதிக்கு பதில் வராது. பயம் விசுவாசத்தை வளர்ப்பதில்லை.

சாதிச் சான்றிதழ்

இதைப் பற்றி மேடையில் யாரும் பேசமாட்டார்கள். வட ஆற்காட்டுச் சபைகளில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சேரிகளிலிருந்து வந்தவர்கள். 1950-ஆம் வருட ஆணைப்படி இந்துக்கள் மட்டும்தான் எஸ்.சி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. அதனால் ஞானஸ்நானம் எடுத்த எஸ்.சி. குடும்பம் தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடுகிறது. சேரி அதேதான், ஊர்க்காரன் பார்வை அதேதான், சான்றிதழ் மட்டும் வேறு. ஜவ்வாது மலை மலையாளிப் பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை, எஸ்.டி.க்கு மதம் ஒரு நிபந்தனை இல்லை. இது அநியாயம் என்பது என் கருத்து. மாற்றக் கேட்டு வழக்குகள் பல வருடமாக நிற்கின்றன.

ஆனால் இன்றைய சட்டம் இதுதான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று சபைக்குப் போய்க்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்றிதழ் கேட்டவரின் மனுவைத் தள்ளுபடி செய்து, அது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது. ஆகவே இதைத் தண்ணீரில் இறங்கும் முன்பே பேசுங்கள். பிள்ளை எந்த வகுப்பு, எந்த கோட்டா, என்ன ஸ்காலர்ஷிப் போகும், வேறு என்ன கிடைக்கும் என்று கணவன் மனைவி உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். போதகர்களில் பலர் இதைச் சொல்லாமலே ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. கோபுரத்தைக் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்றுதானே ஆண்டவர் சொன்னார். கணக்குப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்பவரை யாரும் கேவலமாகப் பார்க்காதீர்கள். விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவருடைய பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது சபையின் வேலை. ஆலயத்துக்கு டைல்ஸ் அப்புறம் போடலாம்.

வியாதியும் பதில் வராத ஜெபமும்

வேலூரில் இருக்கிறவர்களுக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரி தெரியும். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் அறை எடுத்துத் தங்கிக் காத்திருக்கிறார்கள். பெண்கள் ஐக்கியத்திலிருந்து நாங்கள் நோயாளிகளைப் பார்க்கப் போவதுண்டு. அங்கே நான் பார்த்த பெரிய நெருக்கடி வியாதி இல்லை. "உனக்கு விசுவாசம் பத்தல, அதான் சுகமாகல" என்று படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்.

அப்படி உங்களிடம் யாராவது சொன்னால், துரோப்பீமு எங்கே என்று கேளுங்கள். 2 தீமோத்தேயு 4:20. "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறவர் பவுல். அவருடைய கைக்குட்டை பட்டுச் சுகமானவர்கள் உண்டு, கூட்டாளிக்குச் சுகம் கிடைக்கவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று வைத்தியம் சொன்னவரும் அவர்தான். சர்க்கரை மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் விசுவாசத்தால் நிறுத்து என்று மைக்கில் சொல்லுகிறவர்கள், அடுத்த வாரம் ஐ.சி.யு. வாசலில் உங்களோடு உட்காரமாட்டார்கள். மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு ஜெபம் பண்ணுங்கள்.

டாக்டர் மேரி வர்கீஸை நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954-இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள், அவர் மறுபடி நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பிவந்து அந்தத் துறையையே நடத்தினார். பாகாயத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி எடுக்கும் மறுவாழ்வு நிலையம் உருவானதில் அவர் பங்கு பெரிது. 1972-இல் பத்மஸ்ரீ. அக்கினிச் சூளைக்கு முன் அந்த மூன்று பேர் சொன்னதில், "விடுவிக்காமற்போனாலும்" என்று ஒரு இடம் வருகிறது (தானியேல் 3:18). அதைச் சொல்ல முடிந்தவர்களை டாக்டர் சுகப்படுத்த முடியாமல் போகலாம், யாராலும் மிரட்ட முடியாது.

ஜெபிக்க வார்த்தை வராத நாளில் சங்கீதம் 13 படியுங்கள், அது நான்கு வசனம் வரை புலம்பல்தான். அதுவும் நம்பிக்கையாகத் தெரிந்தால் 88-ஐ எடுங்கள். அது இருட்டிலேயே முடிகிறது. அப்படியொரு ஜெபத்தையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தைரியம். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறவர்கள் சாப்பிடுங்கள், தூங்குங்கள். எலியா சூரைச்செடியின் கீழே செத்துப்போகிறேன் என்று படுத்தபோது தேவதூதன் வசனம் சொல்லவில்லை. எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். தூக்கம் போய், சாகலாம் என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள், வெட்கமில்லை. தமிழ்நாட்டில் 104-க்கு போன் செய்தாலும் பேசுவார்கள்.

சபையே சோதனையானால்

சபை நிர்வாகத்தைப் பார்க்கும் பாஸ்டரேட் கமிட்டித் தேர்தல் சமயத்தில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதற்குத் தனிக் கிருபை வேண்டும். நோட்டீஸ், கோர்ட், இரண்டு அணி, ஒரே பெஞ்சில் பேசாத இரண்டு குடும்பம். என் வழி: ஓட்டுப் போடுவேன், யாருக்கு என்று சொல்லமாட்டேன், முடிவு வந்ததும் தோற்ற வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவேன். சபைக்குள் சாதி பார்த்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். பெயரைச் சொல்லி, நேரில், சாட்சியோடு கேளுங்கள்.

தினப்படி பழக்கம் சின்னதாக இருக்கட்டும். கம்பெனி வேன் வரும் முன் ஒரு சங்கீதம், வாரம் ஒரு வசனம் மனப்பாடம். போன் சார்ஜ் இல்லாத இடத்திலும் ஐ.சி.யு. வாசலிலும் மனப்பாடம்தான் கூட வரும். ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுக்கிற மூன்று பேர் பெயரை இன்றே எழுதி வையுங்கள். மூவரில் ஒருவராவது உங்கள் சொந்தக்காரர் அல்லாதவராக இருக்கட்டும்.

விட்டுக்கொடுத்துவிட்டால்

மிரட்டலுக்குப் பயந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டீர்களா? நான் கிறிஸ்தவள் இல்லை என்று சொல்லிவிட்டீர்களா? இரண்டு வருடம் சபைப் பக்கமே வரவில்லையா? ஷூ தைக்கும்போது நூல் அறுந்தால் மொத்தத் தோலையும் தூக்கிப் போடமாட்டோம், அறுந்த இடத்துக்கு இரண்டு தையல் முன்னாலிருந்து மறுபடி போடுவோம். நீங்கள் எந்த நாள்வரை தெளிவாக இருந்தீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள், அந்த நாளில் படித்த சங்கீதம், பழகின ஒரு ஆள். மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்கு ஆண்டவர் விசாரணை வைக்கும் முன் காலைச் சாப்பாடு போட்டார், மீனும் அப்பமும். கேள்வி அதற்கு அப்புறம்தான்.

ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தயங்கினால், வாரநாளில் பெண்கள் ஐக்கியம் கூடும்போது வாருங்கள். ஏழெட்டுப் பேர்தான் இருப்போம். பாயில் உட்காரலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம், பாட்டுக்கு வாயைத் திறக்காமல்கூட இருக்கலாம். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.